விளக்கு எரியும்வரை காத்திருப்பதா?

பெட்ரோல் காரின் புகைக்குழாயில், இன்ஜினை ஒட்டிய இடத்தில், ஸ்பார்க் பிளக் போன்ற தோற்றத்தில் ஒரு சென்சார் திருகப்பட்டிருக்கும். அதுதான் முன் ஆக்சிஜன் சென்சார். பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றுகிறோம். இதைமட்டும் கெட்டுப்போனது உறுதியான பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம். பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்களில் இதற்கென்று ஒரு தவணை குறித்திருப்பதில்லை என்பதால் இந்தப் பழக்கம் நியாயமாகவே தோன்றும். ஆனால் முன் சென்சாரும் தேய்ந்துபோகிற பொருள்தான். இன்னும் ஐந்தாறு வருடம் வைத்து ஓட்டப்போகிற கார் என்றால், செக் இன்ஜின் விளக்கு எரியட்டும் என்று காத்திராமல், ஓடிய தூரத்தை வைத்தே அதை மாற்றிவிடுவது நல்லது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாருக்கு இது பொருந்தாது. அதை எதற்குத் தொடவேண்டாம் என்பதையும் போகிறபோக்கில் சொல்கிறேன்.

முன்கூட்டியே மாற்றுவது புதிய யோசனையே அல்ல. பாஷ் நிறுவனம் தயாரித்த லாம்டா சென்சார் 1976இல் வோல்வோவின் 240, 260 வரிசைக் கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போனது. அந்தக் காலத்து வோல்வோ, சாப் கார்களின் டேஷ்போர்டில் இந்தச் சென்சாருக்கென்றே ஒரு விளக்கு இருந்தது. அந்த விளக்குக்குச் சென்சாரின் உடல்நிலை பற்றி எதுவும் தெரியாது. ஓடிய தூரத்தை எண்ணும் ஒரு சிறு கருவி, 30,000 மைல், அதாவது சுமார் 48,000 கி.மீ. ஆனதும் அதை எரியவிடும். சென்சாரை மாற்றிவிட்டு எண்ணியைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புவார்கள். 1996இல் அமெரிக்காவில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஓபிடி 2 என்ற, கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஏற்பாடு கட்டாயமானபோது, சென்சாரை இன்ஜின் கம்ப்யூட்டரே கண்காணிக்கும் என்ற நிலை வந்தது. தவணை முறை மெல்ல மறைந்தது. எண்ணிக்கொண்டிருந்த விளக்கின் இடத்தில் கண்காணிக்கும் விளக்கு வந்து உட்கார்ந்தது. கேள்வி இதுதான்: அந்தக் கண்காணிப்பு, தேய்மானத்தை வேண்டிய நேரத்தில் பிடிக்கிறதா?

அதற்குப் பதில் சொல்ல, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். சென்சாரின் முனையில், துளையிட்ட உலோக உறைக்குள், சிர்கோனியம் ஆக்சைடால் ஆன ஒரு பீங்கான் இருக்கிறது. பழைய வகையில் தையற்காரர் விரலுறை போன்ற வடிவம்; பின்னால் வந்த வகையில் தட்டையான பட்டை. அதன் வெளிப்பக்கத்தைப் புகை தொடுகிறது, உட்பக்கத்தை வெளிக்காற்று தொடுகிறது, இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. பீங்கான் 300, 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அதன் வழியே நகரத் தொடங்கும். இரு பக்கத்து ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். கலவையில் பெட்ரோல் கூடியிருந்தால், மெக்கானிக்குகள் ரிச் என்பார்களே, அப்போது 0.8, 0.9 வோல்ட். காற்று கூடியிருந்தால், அதாவது லீன் என்றால், 0.1, 0.2 வோல்ட். நடுவில் 0.45 வோல்ட்டை ஒட்டி அது செங்குத்தாகத் தாவும். ஆக, இந்தச் சென்சார் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்வதில்லை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதைக் கேட்டு இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும், உடனே சென்சார் லீன் என்னும், மறுபடி கூட்டும், மறுபடி ரிச். இப்படி இடைவிடாத ஊசலாட்டத்தின் சராசரிதான் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற சரியான விகிதம். அந்த நிலைக்குத்தான் லாம்டா 1 என்று பெயர்.

இந்த ஊசலாட்டம் இன்ஜினுக்காக என்பதைவிட கன்வெர்டருக்காக. அதற்குள் பூசப்பட்டிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைக்கவேண்டும். முதல் இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூன்றாவதற்கு ஆக்சிஜன் இருக்கக்கூடாது. மூன்றும் ஒருசேர நடக்கிற இடம் லாம்டா 1ஐ ஒட்டிய மிகக் குறுகலான சந்து. அந்தச் சந்தின் இரு பக்கமும் கலவை ஆடும்போது தாக்குப்பிடிக்க, கன்வெர்டரில் உள்ள சீரியம் ஆக்சைடு லீன் நேரத்தில் ஆக்சிஜனைச் சேமித்து, ரிச் நேரத்தில் விடுகிறது. அந்தச் சேமிப்பு மிகச் சிறியது. ஊசலாட்டம் வேகமாக இருக்கும்வரைதான் அது போதும். சென்சார் மந்தமாகி ஒவ்வொரு ஆட்டமும் நீண்டால், சேமிப்பு தீர்ந்துபோன பிறகும் ரிச் புகை வந்துகொண்டே இருக்கும். நிரம்பி வழிந்த பிறகும் லீன் புகை வந்துகொண்டே இருக்கும். சராசரி சரியாக இருந்தும் விஷவாயு குழாய்க்கு வெளியே போகிறது. நெரிசலான தெருவில் நமக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்பவர் மூச்சில் இழுப்பது அதைத்தான்.

தேய்மானம் எப்படி வருகிறது என்பதற்குக் கழற்றிய சென்சாரின் முனையே சாட்சி. முனை மங்கலான சாம்பல், பழுப்பு நிறத்தில் இருந்தால் அது இயல்பான முதுமை. வெண்ணிறப் பொடி படிந்திருந்தால் சிலிகான் நஞ்சு: வால்வு கவரிலோ ஆயில் சம்பிலோ கேஸ்கெட்டுக்குப் பதில் கண்ட சிலிகான் பேஸ்ட்டைத் தடவியிருப்பார்கள், அதன் ஆவி எரிந்து பீங்கானின் துளைகளைக் கண்ணாடிப் படலம்போல அடைத்திருக்கும். ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் எரிந்தாலும் அதிலுள்ள சிலிக்கேட் இதே வேலையைச் செய்யும். கரிய, உலர்ந்த புகைப்படிவு என்றால் கலவை நெடுநாள் ரிச்சாக ஓடியிருக்கிறது. ஆயில் குடிக்கும் இன்ஜினில் பாஸ்பரஸ், துத்தநாகச் சாம்பல் பழுப்பாகப் படியும். இவை தவிர, உள்ளிருந்து பீங்கானைச் சூடாக்கும் ஹீட்டர் இழை அறுந்துபோவதும், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது கொதிக்கும் சென்சார்மேல் நீர் பட்டு பீங்கான் விரிசல் விடுவதும் உண்டு. கடைசி இரண்டும் திடீரென்று நடப்பவை. கம்ப்யூட்டர் அவற்றை உடனே கண்டுபிடித்துவிடும். நம் வாதத்துக்கு உரியவை முதலில் சொன்ன மெதுவான படிவுகள். துளைகள் அடைய அடைய, புகை பீங்கானைச் சேரத் தாமதமாகிறது; தாவல் மந்தமாகிறது; கலவை சரியாக இருக்கும்போதே லீன் என்று சொல்லும் சாய்வும் பல சென்சார்களில் வந்துசேர்கிறது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. இன்ஜினில் வேறு எது தவறினாலும் அதைத் திருத்தச் சென்சார் இருக்கிறது. இன்ஜெக்டர் கொஞ்சம் அடைத்தால், பெட்ரோல் பம்ப் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால், லீன் என்று சொல்லித் திருத்தவைக்கும். சென்சாரே தவறினால் திருத்துவது யார்? மளிகைக் கடையில் எடைக்கல் தேய்ந்துவிட்டால் தராசு நேராகத்தான் நிற்கும், ஒவ்வொரு நிறுவையும் ஒழுங்காகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் சரக்கு குறையும். அதுபோல, லீன் பக்கம் சாய்ந்த சென்சாரை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டிய பிறகு சென்சார் திருப்தியடைகிறது. ஸ்கேனரில் பார்த்தால் ஊசலாட்டம் அழகாகவே இருக்கிறது. மாறியிருப்பது ஒன்றே ஒன்று: நீண்டகால எரிபொருள் திருத்தம், மெக்கானிக் சொல்லும் லாங் டேர்ம் ட்ரிம். அது கூட்டல் 6, கூட்டல் 8 சதவீதம் என்று ஏறியிருக்கும். 10 சதவீதத்துக்குள் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். அப்படியே கவனித்தாலும், காற்றுக் கசிவு என்று எண்ணி வேக்யூம் குழாய்களைத் தேடுவார்கள். காரணம், காற்றுக் கசிவும் இதே எண்ணைத்தான் காட்டும்.

"அளவு மீறினால் விளக்கு எரியுமே" என்பது முதல் மறுப்பு. எரியும், எப்போது எரியும் என்பதைப் பார்க்கவேண்டும். அமெரிக்க விதிகளில் பொதுவான கணக்கு, மாசு அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தொடும் நிலைக்குச் சென்சாரின் மந்தம் போனால் விளக்கு எரியவேண்டும் என்பது. அதாவது விதி வகுத்தவர்களே, தொடக்கத் தேய்மானத்துக்கும் விளக்குக்கும் நடுவில் ஓர் இடைவெளியை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பொய்யாக விளக்கு எரிந்து மக்களை அலைக்கழிக்கக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி தேவைதான், அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த இடைவெளிக்குள் கார் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடும். இந்தியாவில் நிலைமை இன்னும் தளர்வு. கார்களுக்கு ஓபிடி முதல் நிலை 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நெறிகளோடு வந்தது. இரண்டாம் நிலை 2013 ஏப்ரலில். முதல் நிலையில் வந்த கார்களின் கம்ப்யூட்டர், சென்சாரின் கம்பி அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். மந்தமானதா என்று அளக்கும் கடமை அதற்குக் குறைவு. இன்று பத்துப் பன்னிரண்டு வருடம் கடந்து, இரண்டாவது மூன்றாவது உரிமையாளரிடம் ஓடிக்கொண்டிருப்பவை இந்தக் கார்களே. எந்தக் காருக்கு மாற்றம் அதிகம் தேவையோ, அதே காரில்தான் விளக்கு அதிகம் மௌனம் காக்கும்.

இந்த மறுப்பில் நியாயமான பகுதியும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் பின் சென்சார் கன்வெர்டரை வேவு பார்ப்பதோடு நிற்பதில்லை. கன்வெர்டரைத் தாண்டி வரும் புகை அமைதியானது, சூடும் குறைவு. அதனால் பின் சென்சார் மெதுவாகத்தான் கிழடாகும். அதன் சராசரியை வைத்து, முன் சென்சாரின் சாய்வைக் கம்ப்யூட்டர் நாளடைவில் திருத்திக்கொள்ளும். இந்த ஏற்பாடு உள்ள காரில் என் வாதத்தின் பாதி, அதாவது சாய்வு பற்றிய பாதி, வலு இழக்கிறது. மந்தம் பற்றிய பாதி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் பின் சென்சாரால் சராசரியைத் திருத்த முடியும், முன் சென்சாரின் வேகத்தைக் கூட்ட முடியாது. பின் சென்சாரை முன்கூட்டி மாற்றவேண்டாம் என்று சொல்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. அது பெட்ரோல் அளவை நொடிக்கு நொடி நிர்ணயிப்பதில்லை, சுகமான இடத்தில் இருக்கிறது, கெட்டால் பி 0136 முதல் பி 0141 வரையிலான பிழைக்குறியீடுகளில், மெக்கானிக் சொல்லும் கோடுகளில், ஏதாவது ஒன்றில் சொல்லிவிடும். இரண்டையும் ஜோடியாக மாற்றச் சொல்கிற கடையில், ஒன்றுக்கு மட்டும் பில் போடச் சொல்லத் தயங்கவேண்டாம்.

இரண்டாவது மறுப்பு, "சோதித்துப் பார்த்தால் போயிற்று, நல்ல சென்சாரை எதற்குத் தூக்கி எறியவேண்டும்" என்பது. கொள்கையளவில் எனக்கு இது மிகவும் உடன்பாடு. டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள், இன்ஜின் நன்றாகச் சூடானபின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்தால் சென்சார் 10 விநாடியில் 8 முறையாவது ஊசலாடவேண்டும் என்கின்றன. ஸ்கேனரில் வரைபடமாகப் போட்டு எண்ணிப் பார்க்கலாம்; செலவில்லாத, பயனுள்ள சோதனை. இதில் தோற்கிற சென்சாரை அன்றே மாற்றுங்கள். ஆனால் இதில் தேறியது நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமான சென்சார் லீனிலிருந்து ரிச்சுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தாவவேண்டும். அந்தத் தாவலைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். கே-லைன் என்ற பழைய தகவல் இணைப்பு வழியாகப் பேசும் கார்களில் சாதாரண ஸ்கேனர் விநாடிக்குச் சில எண்களைத்தான் காட்டும், தாவலின் சரிவு அதில் தெரியவே தெரியாது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர் சிலர்தான். அது கைக்கெட்டினால் சோதித்தே முடிவெடுங்கள், கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். எட்டாதபோதுதான் கிலோமீட்டர் கணக்கு நமக்குக் கிடைக்கிற அடுத்த நல்ல அளவுகோல்.

"பியூசி சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே" என்பாரும் உண்டு. பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், 2,500 சுற்றில் 0.2 சதவீதம், லாம்டா 1க்கு மேலும் கீழும் 0.03 என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் இரண்டும் கார் நின்ற இடத்தில், ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு எடுக்கும் அளவுகள். மந்தமான சென்சாருக்கு அப்படி நிற்பது எளிது. அது தடுமாறுவது கிளட்ச் விட்டு எடுக்கும்போதும், முன்னால் போகிறவர் பிரேக் போட்டு நாம் காலை எடுக்கும்போதும். சான்றிதழ் பொய் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பணம் பற்றிய மறுப்புதான் கனமானது. அதற்குப் பதில் சொல்லும் முன், மாற்றச் சொல்பவர்கள் பக்கம் புழங்கும் ஒரு மிகையைக் களையவேண்டும். கெட்ட ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 சதவீதம் வரை கூடும் என்ற வரியை விளம்பரங்களில் காணலாம். அது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொன்ன வாக்கியத்தின் நிழல். அங்கே சொல்லப்பட்டது, சென்சார் செயலிழந்ததுபோன்ற கடுமையான கோளாறைச் சரிசெய்தால் அதிகபட்சமாக அந்த அளவு வரை கிடைக்கலாம் என்பது. ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வயதான சென்சாருக்கு அந்த எண்ணைப் பொருத்துவது நேர்மையில்லை. எரிபொருள் திருத்தம் 5 சதவீதம் வீணாக ஏறியிருந்தால், சென்சாரை மாற்றியதும் திரும்பக் கிடைப்பதும் அதை ஒட்டித்தான் இருக்கும். மைலேஜ் கூடும் என்ற ஒரே ஆசையில் மாற்றுபவர் ஏமாறக்கூடும். செலவுக்கு நியாயம் வேறொரு இடத்தில் இருக்கிறது. சென்சார் சில ஆயிரம் ரூபாய். கன்வெர்டர் அதைப்போல் பல மடங்கு. ரிச்சாக ஓடும் கலவையில் எரியாமல் மிஞ்சுவது கன்வெர்டருக்குள் போய் எரிகிறது, தேன்கூட்டு அமைப்பின் சூடு கூடுகிறது, விலையுயர்ந்த உலோகப் பூச்சு திரண்டு செயலிழக்கிறது. பி 0420 என்ற கோடு வந்து, கன்வெர்டர் பழுது என்று கேட்டு அதிர்ந்து நிற்கிற உரிமையாளர்களில் எத்தனையோ பேரின் காரில், அதற்கு முன்பே முன் சென்சார் நீண்டநாள் தவறாக வழிகாட்டியிருக்கும். மாற்றும் கணக்கை இந்தச் செலவோடு வைத்துப் பார்க்கவேண்டும். அடுத்த வருடம் விற்றுவிடப்போகிற கார் என்றால் இந்தக் கணக்கு உங்கள் பைக்குப் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, இன்று அதுவே பொதுவாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்குச் சரியான விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. எத்தனால் இல்லாத பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைத்த பழைய கார், 7, 8 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் தெளித்தால்தான் லாம்டா 1க்கு வரும். அந்தக் கூடுதலைச் செய்யவைப்பது முழுக்க முழுக்க முன் சென்சார்தான். அதனால் இரண்டு விளைவு. ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் சில சதவீதம் கூட்டலில் தெரிந்ததை வைத்துமட்டும் சென்சாரைக் குற்றம் சொல்லாதீர்கள். எத்தனாலுக்கான நியாயமான திருத்தம் அதில் அடங்கியிருக்கலாம். அதேசமயம், முன்பு சென்சார் கொஞ்சம் தவறினாலும் அடிப்படைக் கணக்கு கிட்டத்தட்ட சரியாக இருந்தது. இன்று அந்த அடிப்படையே விலகியிருப்பதால் பழைய கார் சென்சாரைச் சார்ந்திருப்பது முன்னைவிட அதிகம்.

எப்போது மாற்றுவது? பாஷ் நிறுவனத்தின் பரிந்துரை நல்ல தொடக்கம்: ஹீட்டர் இல்லாத, ஒரு கம்பி, இரண்டு கம்பி வகைக்கு 50,000 முதல் 80,000 கி.மீ.; ஹீட்டர் உள்ள முதல் தலைமுறைக்கு 1 லட்சம்; 1990களின் நடுவிலிருந்து வந்தவற்றுக்கு 1.6 லட்சம். சென்சார் விற்கிற நிறுவனம் சொல்லும் கணக்கு என்பதை மறக்கவேண்டாம். ஆனால் பீங்கான் படும் பாடு பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர்களும் குறைவு. என் பரிந்துரை, ஹீட்டரோடு வரும் நான்கு கம்பி வகையுள்ள காரில் 1 லட்சம் கி.மீ.யில் ஊசலாட்டச் சோதனை, தேறினாலும் 1.5 லட்சத்தை ஒட்டி மாற்றம். தினமும் மூன்று நான்கு கி.மீ. மட்டும் ஓடி, இன்ஜின் முழுச் சூடு பெறாமலே நிற்கும் காருக்கு இதைவிடக் கொஞ்சம் முன்னதாக. டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருக்கும் வைட்பேண்ட் சென்சாருக்கு இந்தத் தவணை வேண்டாம். அது பக்கத்தை மட்டும் சொல்லாமல் அளவையே சொல்வது, விலையும் அதிகம், கம்ப்யூட்டர் அதை நெருக்கமாகக் கண்காணிக்கிறது. கோடு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். தவணை வந்துவிட்டாலும் ஒரு நிபந்தனை உண்டு. கார் ஆயில் குடிக்கிறது, கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, மிஸ்ஃபயர் ஆகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய சென்சாரைக் கொன்ற நஞ்சு புதியதையும் கொல்லும். சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டில் சிறு ஓட்டை இருந்தாலும், ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் எரிப்பில் பங்கேற்காத ஆக்சிஜன் சென்சாரைத் தொட்டு, நல்ல சென்சாரே லீன் என்று சொல்லும்.

வாங்கும்போது அவசரம் வேண்டாம். காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணை உறுதிசெய்துகொண்டு, அதே இணைப்பியோடு வரும் பாஷ், டென்சோ, என்டிகே போன்றவற்றின் நேரடிப் பொருத்தத்தை வாங்குங்கள். கம்பியை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகையைத் தவிர்ப்பது நலம், ஏனென்றால் நிறக்குறிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாஷ் சென்சாரில் இரண்டு வெள்ளைக் கம்பி ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். பாஷின் சிக்னல் நிறமே டென்சோவில் ஹீட்டருடையது. இன்னொரு பொறி: டென்சோவின் வைட்பேண்ட் வகைக்கும் நான்கு கம்பிதான், உருவமும் ஒன்றுபோல, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாது. அட்டைப்பெட்டியில் அச்சு மங்கலாக, விலை பாதியாக வருவது பெரும்பாலும் போலி.

மாட்டுகிற வேலை சிறியது, கழற்றுவதுதான் பெரியது. வருடக்கணக்கில் சூட்டில் இறுகிய மரை அது. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாய் கைபொறுக்காத சூடாக இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது, துருநீக்கி எண்ணெயை மரையின் விளிம்பில் விட்டுக் காத்திருந்து கழற்றவேண்டும். கம்பி வெளியே வர ஒரு பக்கம் பிளந்த 22 மில்லிமீட்டர் சாக்கெட் இதற்கென்றே கிடைக்கிறது. சாதாரண ஸ்பானரில் முயன்றால் அறுகோண விளிம்பு உருண்டுவிடும். பெரும்பாலான கார்களில் மரை 18 மில்லிமீட்டர் விட்டம், 1.5 பிட்ச். கழன்றபின் குழாயின் மரையைச் சுத்தம் செய்துவிட்டு, புதிய சென்சாரை முதலில் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் குறுக்கே ஏறுகிறது என்று பொருள், நிறுத்திவிடுங்கள். இறுக்கம் சுமார் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். பெட்டியில் வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மரையில் கம்பெனியே ஒட்டாப்பசை தடவி அனுப்பியிருக்கும். மேற்கொண்டு தடவுவதானால் மரைக்கு மட்டும், முனையின் துளைகளுக்கு அருகே ஒரு துளியும் போகக்கூடாது. கை தவறித் தரையில் விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம்.

இன்னும் ஒன்றை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பீங்கானின் உட்பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்று, பல சென்சார்களில் கம்பியின் இழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி வழியாகவே உள்ளே போகிறது. அதனால் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கக்கூடாது, இணைப்பியில் கான்டாக்ட் ஸ்பிரே அடிக்கக்கூடாது, கிரீஸ் வைக்கக்கூடாது. நல்லெண்ணத்தில் அடிக்கிற அந்த ஒரு ஸ்பிரே, புதிய சென்சாரின் மூச்சை முதல் நாளே அடைத்துவிடும். கம்பி குழாயின் உடம்பில் படாமல், பழைய கிளிப்பிலேயே மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டியபின் ஸ்கேனரில் பழைய கோடுகளையும், சேமித்துவைத்த எரிபொருள் திருத்தத்தையும் அழிக்கவேண்டும். அழிக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் மெல்லக் கற்றுக்கொள்ளும், ஆனால் முதல் சில நாள் ஐட்லிங் சீராக இராது. ஊருக்குள் கொஞ்சமும் நெடுஞ்சாலையில் கொஞ்சமுமாக ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இன்ஜின் சூடான நிலையில், ஐட்லிங்கில் ஒருமுறை, 2,500 சுற்றில் ஒருமுறை நீண்டகாலத் திருத்தத்தைக் குறித்து, சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதிவையுங்கள். சென்சாரை மாற்றுவதற்கு முந்தைய எண்ணும் அதே பக்கத்தில் இருக்கட்டும். திருத்தம் இறங்கியிருந்தால் பழைய சென்சார் சாய்ந்திருந்தது. இறங்காமல், ஐட்லிங்கில் மட்டும் கூட்டல் அதிகமாக இருந்து சுற்று ஏறும்போது குறைந்தால் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவைத் தேடவேண்டும். சுற்று ஏற ஏறக் கூட்டலும் ஏறினால் பெட்ரோல் ஃபில்டரையும் பம்ப் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும்.